நாற்பத்தேழில் முடியும் எண்

சலவைக்கூடத்தில் இன்டர்நெட் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அங்கே வேலை செய்த இருபத்துமூன்று பேரும் சூப்பர்வைசரின் சட்டைப் பையைத்தான் காட்டியிருப்பார்கள். லீவு, சம்பளச் சீட்டு, புதுச் சீருடைக்கு அளவு என்று எதுவானாலும் அந்தப் பைக்குள் இருந்த போன் வழியாகத்தான் நடந்தது. மருத்துவமனை நிர்வாகம் காகித விண்ணப்பங்களை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. "உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி, நான் பாத்துக்கறேன்" என்று நிறுத்திய அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார். சொன்னபடி பார்த்தும் கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அதனாலேயே அவரிடம் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

மூணாம் நம்பருக்கும் வந்ததில்லை. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. கூடத்தில் இருந்த ஆறு சலவை இயந்திரங்களில் மூன்றாவதை ஓட்டுகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் மூணாம் நம்பர்தான். அந்த இயந்திரம் ஒரு நடைக்கு அறுபது கிலோ துணி தின்னும். வயசான இயந்திரம், முன்கோபம் அதிகம். எந்தச் சத்தம் பசி, எந்தச் சத்தம் வலி என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளுடைய கண் வேறொரு இயந்திரத்தின் மேல் இருந்தது. சுத்தமான துணியை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் வழியில் கிருமிநீக்கப் பிரிவு. அதன் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் எட்டிப் பார்த்தால், அறுவைச் சிகிச்சைக் கத்திகளையும் இடுக்கிகளையும் நீராவியில் அவிக்கும் இரும்புப் பெட்டிகள் வரிசையாகத் தெரியும். தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்துவிடும், அதற்கு மேல் சூடாக மறுக்கும். ஆனால் சில கிருமிகள் நூறு டிகிரியைக் குளியல் போல எடுத்துக்கொள்ளும். அதனால் நீராவியை வெளியே விடாமல் அடைத்து அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அழுத்தம் ஏறினால் சூடு நூற்றுமுப்பதைத் தாண்டுகிறது, எந்தக் கிருமியும் தப்பாது. இதையெல்லாம் அவள் அந்தப் பிரிவின் தலைமை நர்ஸிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி ஓர் இடத்தில் அசையாமல் நிற்பதைப் பார்ப்பதற்காகவே சில நாள் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, சக்கரத்தில் நூல் சிக்கிக்கொண்டது போலக் குனிந்திருப்பாள்.

அந்தப் பெட்டிகளை இயக்க வருஷத்துக்கு நாலு ஊழியர்களுக்குப் பயிற்சி தருவார்கள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. மூன்று வருஷமாக அவள் சூப்பர்வைசரிடம் விண்ணப்பம் போடச் சொல்லி வந்தாள். மூன்று வருஷமும் "போட்டாச்சு தங்கச்சி" என்றார். இந்த வருஷம் அவளுக்கு நாற்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை வண்டியோடு போனபோது தலைமை நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டாள். சலவைக்கூடத்திலிருந்து இத்தனை வருஷமாக ஒரு விண்ணப்பம்கூட வரவில்லையே, உங்களில் ஒருத்தருக்குமா ஆசை இல்லை, திங்கட்கிழமை நாலு மணியோடு முடிகிறதே என்று. மூணாம் நம்பர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மீதி நேரம் முழுக்க இயந்திரத்தின் சத்தம் அவள் காதில் விழவே இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது நாத்தனாரிடம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, பிரேம்களுக்கு ஆர்டர் போடுவதெல்லாம் அவள்தான். மாடி அறையில் தனியாக இருந்தாள். அண்ணி மூணாம் நம்பருக்கும் நாத்தனாருக்கும் பதினோரு நாளாகப் பேச்சு இல்லை. துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எத்தனை அடி என்பதில் கிளம்பிய சண்டை. ஊர்த் துணியையெல்லாம் வெளுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டுக் கொடியிலும் முக்கால்வாசி வேண்டுமா என்று நாத்தனார் கேட்டிருந்தாள்.

ஞாயிறு காலை மூணாம் நம்பர் இரண்டு டம்ளர் டீயோடு மாடி ஏறினாள்.

"எனக்கு இன்டர்நெட் கத்துக்குடு."

நாத்தனார் டீயைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "பதினோரு நாள் கழிச்சு வாயத் திறந்திருக்கீங்க. அதுவும் என்னைப் பாத்து இல்ல, லேப்டாப்பைப் பாத்து."

"கொடி முழுக்க நீயே வெச்சுக்கோ."

இதைக் கேட்டதும் நாத்தனாருக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. நாற்காலியை நகர்த்திப் போட்டாள். தானே செய்து தருவதாகத்தான் முதலில் சொன்னாள், அஞ்சு நிமிஷ வேலை என்று. அதற்கு அண்ணி, நாலு வருஷமாக ஒருத்தர் செய்து கொடுத்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் அப்புறம் எலியைத் தொடவே இல்லை. எலி என்றால் மவுஸ். அண்ணி வைத்த பெயர்.

பிரவுசர் என்பது ஒரு ஜன்னல், அவ்வளவுதான் என்று ஆரம்பித்தாள் நாத்தனார். மேலே இருக்கும் நீளமான கட்டத்தில் நாம் எழுதுவதைப் பொறுத்து அது இரண்டில் ஒன்றைச் செய்யும். நடுவில் புள்ளி வைத்த முகவரியை முழுசாக எழுதினால் நேராக அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். வெறும் வார்த்தைகளை எழுதினால் நாலு பேரிடம் விசாரித்து ஒரு பட்டியல் கொண்டு வரும். "பட்டியல்ல முதல்ல நிக்கறவன் நல்லவன்னு அர்த்தம் இல்ல அண்ணி. காசு குடுத்து முன்னாடி வந்து நிக்கறவனா இருக்கலாம். ஓரமா 'விளம்பரம்'னு பொடி எழுத்துல போட்டிருப்பான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணி 'மருத்துவமனை' என்று எழுதி, வந்த பட்டியலின் முதல் வரியை அமுக்கி, கேட்ட இடத்தில் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டாள். அது வேறொரு மருத்துவமனை. பத்து நிமிஷத்தில் போன் வந்தது. தேனாகப் பேசிய ஒரு பெண், முழங்கால் வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரித்தாள். இன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்லி மூணாம் நம்பர் போனை வைத்தாள்.

இரண்டாம் முறை முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். திரை நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நாத்தனார் குளிக்கப் போனாள். தலைக்குக் குளித்து, துவட்டி, ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"சுத்திக்கிட்டு இருக்கே."

சலவைக்கூடத்தில் முதல் நாள் சொல்லித்தரும் விதி அது. உள்ளே சுற்றுகிறவரை எதிலும் கை வைக்காதே. வைத்த ஒருத்தி இன்றைக்கு மூன்று விரலால் துணி மடிக்கிறாள். நாத்தனாருக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். இந்த வட்டத்துக்குள் எதுவும் சுற்றவில்லை. 'கேட்டுவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை' என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. ரொம்ப நேரமானால் கேள்வி வழியிலேயே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வளைந்த அம்பை அமுக்கினால் மறுபடி கேட்கும். "ஒன்னும் கிழியாது. நீங்க வெறுமனே பாக்கற வரைக்கும் எதை வேணா அமுக்குங்க, பின்னாடி வந்துடலாம். 'சமர்ப்பி', 'அழி'ன்னு வந்தா மட்டும் நின்னு படிங்க. வால்வு மாதிரி அது. திறந்தா திறந்ததுதான்."

வால்வு என்றதும் மூணாம் நம்பருக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. ஊழியர் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். ஊழியர் எண் மனப்பாடம். பாஸ்வேர்டு கேட்டது. கீழே 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று ஒரு வரி.

"மறக்கலை. எனக்குத் தெரியவே தெரியாதே."

"அதுக்குத் தனியா பட்டன் வைக்கலை அண்ணி. இதையே அமுக்குங்க."

அமுக்கினாள். 'நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. மூணாம் நம்பர் தன் போனைக் கையில் எடுத்துக் காத்திருந்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தன் எண் முடிவது பன்னிரண்டில்.

இது எப்படி என்று நாத்தனார் விளக்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதனால் கணக்கு திறந்தபோது கொடுத்த போனுக்கு ஒரு ரகசிய எண்ணை அனுப்புகிறது. அதை யார் திருப்பிச் சொல்கிறாரோ அவரைத்தான் கணக்குக்குச் சொந்தக்காரர் என்று நம்புகிறது. சலவைக்கூடத்தில் எல்லாருடைய கணக்கையும் திறந்தவர் ஒருவர். கொடுத்த எண்ணும் ஒன்று. மருத்துவமனையின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவரை அந்தக் கூடத்தில் இருபத்துமூன்று பேர் வேலை செய்யவில்லை. ஒரே ஒருவர்தான்.

திங்கட்கிழமை காலை, முதல் நடை துணியைப் போட்டுக் கதவைப் பூட்டியதும் சூப்பர்வைசர் அவளைத் தேடி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நேத்து எவனோ உன் கணக்குல நுழையப் பாத்திருக்கான். ஓடிபி என் போனுக்கு வந்துச்சு. பயப்படாத, நான் யாருக்கும் சொல்லலை."

"எவனோ இல்லண்ணா. நான்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேனா என்றார். கேட்டேன், மூன்று வருஷம் கேட்டேன், போட்டாச்சு என்றீர்கள் என்றாள் அவள். அப்புறம் உண்மையைச் சொன்னார். அதைக்கூட நியாயம் போலத்தான் சொன்னார். "நீ அங்க போயிட்டா இதை யாரு பாக்கறது? வேற யார் கையில குடுத்தாலும் ரெண்டு மாசத்துல உடைச்சுடுவாங்க. முன்னூறு படுக்கைக்குத் துணி போகணும். எனக்கு வேற வழி தெரியலை."

"இன்னொரு தரம் ஓடிபி வரவெக்கறேன், அந்த நம்பரைக் குடுங்கண்ணா. நானே போட்டுக்கறேன்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் எனக்கு நாற்பத்தாறு என்றாள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மதிய இடைவேளையில் அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஊழியர் பிரிவுக்குப் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மூன்று மணிக்குத்தான் திறக்கும் என்று எழுதியிருந்தது. கூடத்துக்குத் திரும்பி இன்னும் ஒரு நடை ஓட்டிவிட்டு, மூன்றுக்கு மறுபடி போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், அடையாள அட்டையோடு நேரில் வந்தால் எண்ணை மாற்றலாம் என்றாள். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ தட்டினாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"இதே நம்பர்ல இன்னும் இருபத்திரண்டு பேர் இருக்காங்களே. ஒரே குடும்பமா?"

"அப்படித்தான் அவர் நினைச்சுக்கிட்டு இருக்கார்."

எண் மாறியது. இனி மற்றதை வெளியே தாழ்வாரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் அவளேதான் செய்துகொள்ள வேண்டும். அது ஊழியர் எல்லோருக்கும் பொதுவானது. சலவைக்கூடத்துச் சீருடையில் யாரும் இதுவரை அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை. வரிசையில் மூன்று நர்ஸுகளுக்குப் பிறகு அவள் முறை வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. பாஸ்வேர்டு வரியை அமுக்கினாள். அவள் இடுப்புப் பையில் அவள் போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். ஒவ்வொன்றாக அடித்தாள். கதவு திறந்தது.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது சூப்பர்வைசர் மூச்சு வாங்க வந்து நின்றார். மூன்றாம் இயந்திரம் குதிக்கிறதாம், தரையே ஆடுகிறதாம், பாதியில் நின்றுவிட்டதாம்.

"எந்திரி தங்கச்சி. அஞ்சு நிமிஷம்."

"எந்திரிக்க மாட்டேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்பளி போட்டிருக்கீங்களா?" என்றாள். ஆமாம் என்றார். "போன் பண்ணி அங்க இருக்கறவங்களைக் கூப்பிடுங்க. நான் சொல்லச் சொல்ல சொல்லுங்க."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். கம்பளி தண்ணீர் குடித்து ஒரு பக்கமாக உருண்டையாகிவிடும், அதனால்தான் ஆட்டம் என்று அவள் சொன்னாள், அவர் போனில் சொன்னார். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று சொன்னாள், சொன்னார். பூட்டு தானாக விடுகிறவரை கதவைத் தொடக் கூடாது. பாதிக் கம்பளியை எடுத்துவிட்டு, மீதியை உதறி நாலு பக்கமும் பரப்பி, மறுபடி சுற்ற விட வேண்டும். ஒரு வரி அவருக்கு, ஒரு வரி படிவத்துக்கு என்று இரண்டும் நடந்தது. கல்வித் தகுதி, பணியில் சேர்ந்த தேதி. 'ஏன் இந்தப் பயிற்சியை விரும்புகிறீர்கள்' என்ற கட்டத்தில், அழுத்தம் ஏன் வேண்டும் என்பதைத் தனக்குத் தெரிந்தபடி நாலு வாக்கியத்தில் எழுதினாள். 'சமர்ப்பி' வந்தது. நின்றாள். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். பிறந்த வருஷத்தில் ஒரு எண் தப்பு. திருத்தினாள். மறுபடி படித்தாள். அமுக்கினாள்.

'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று ஒரு பதிவு எண்ணோடு வந்தபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

போனின் மறுமுனையில் யாரோ இயந்திரம் ஓடுகிறது என்றார்கள். சூப்பர்வைசர் போனை அணைத்தார். அவள் திரையில் இருந்த பதிவு எண்ணை அவரும் பார்த்தார். ரொம்ப நாளாகத் தன் கையில் இருந்த ஒன்று வேறொருவர் கைக்குப் போனதைப் பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"போட்டுட்டா மட்டும் எடுத்துடுவாங்களா?" என்றார்.

"எடுக்கலைன்னா," என்று அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள், "அந்தப் பதிலையும் நானே படிச்சுக்கறேன்."