விளக்கு எரியவில்லை என்றான் டெட்லெஃப்

டெட்லெஃப் காருக்கு ரேஸ் பிரேக் பேடு வாங்கி மாட்டின நாளிலிருந்து அவன் பெண்டாட்டி ரோஸ்வித்தாவுக்குத் தலைவலிதான். ஐஃபல் மலையில், பந்தயச் சாலைக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள் அவள். ஞாயிறானால் ஊர் ஆண்பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடிப்பது அவளுக்குப் பழகிப்போன சங்கதி. சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக் காரையே பந்தயச் சாலையில் விரட்டுவார்கள், நேரம் பார்க்கக்கூடாது என்று அங்கே விதி இருந்தும் திருட்டுத்தனமாக நேரம் பார்ப்பார்கள், வந்து பீற்றுவார்கள். பீற்றித் தொலையட்டும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை அதே காரில்தானே அவள் மலை இறங்கி, கீழே ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள்!

சாதாரண பேடில் சின்னதாக ஒரு வயர் இருக்கும். பேடு தேய்ந்து, சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிஸ்க் அந்த வயரை அறுத்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். ரேஸ் பேடில் அந்த வயருக்கு இடமே கிடையாது. துரை என்ன செய்தார்? வயரைச் சுருட்டி ஓரமாகக் கட்டிவிட்டார்.

"அப்போ தேஞ்சு போனா எப்படித் தெரியும்?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"விளக்கெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. எனக்கு என் பாதமே சொல்லிடும்."

போன வருஷம் கராஜ் கதவில் போய் முட்டினபோது வாயே திறக்காத பாதம் அது.

ரேஸ் பேடு சூடேறினால்தான் பிடிக்கும், காலைக் குளிரில் வழுக்கும். அதனால் ஞாயிறு சாயங்காலம் பழைய பேடை மாட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தான். நாலாவது ஞாயிறு, கிரீச்சென்று ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி வந்து இறங்கினான். கூடவே அவன் சிநேகிதன் எக்கார்ட். இரண்டு பேரும் காப்பிக்கும் பிளம்ஸ் கேக்குக்கும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு ரவுண்டு, ஒன்பது நிமிஷம் நாப்பத்தியோரு செகண்டு!" என்றான் டெட்லெஃப், மகுடம் சூட்டிக்கொண்டவன் மாதிரி.

"ரொம்ப சந்தோஷம். பேடை மாத்து."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஊரே ஓய்வெடுக்கற நாள்ல சுத்தியல் சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

"அடேயப்பா! காலையிலேருந்து பன்னி அறுக்கற மாதிரி ஊரைக் கூட்டினியே, அப்போ என்ன கிழமை?"

எக்கார்ட் கேக்கோடு சேர்த்துச் சிரித்தான். மீசையெல்லாம் க்ரீம்.

"ஒரு வாரம் அப்படியே ஓட்டேன்," என்றான் டெட்லெஃப். "பேடு இன்னும் தேயாம தடிமனா இருக்கு."

"கழட்டிப் பார்த்தியா?"

"பார்க்க என்ன இருக்கு? விளக்குதான் எரியலையே!"

ரோஸ்வித்தா அவனையே பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறான்.

"எந்த விளக்கு? நீயே வயரைக் கட்டி வாயை மூடி வெச்சியே, அந்த விளக்கா?"

எக்கார்டின் முள்கரண்டி பாதியில் நின்றது. டெட்லெஃபின் காது சிவந்தது. "கடைசி ரவுண்டுல கொஞ்சம் கொரகொரன்னுச்சு. ரேஸ் பேடுன்னா அப்படித்தான் இருக்கும்," என்று முனகினான்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவன் செய்வதைப் பத்துத் தடவை பார்த்தவள்தான். ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் பின்னைச் சுத்தியலால் தட்டினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "எட்டிப் பாருங்க, நல்லாப் பாருங்க!" என்றாள். உருவியெடுத்த பேடில் பேடே இல்லை. வெறும் இரும்புத் தகடு. டிஸ்க்கை உழுது வைத்திருந்தது.

தகட்டைக் கொண்டுவந்து அவன் கேக் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு."

எக்கார்டுக்குத் திடீரென்று வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. போய்விட்டான்.

"சரி விடு," என்றான் டெட்லெஃப். "எதுக்கு இவ்வளவு ரகளை? அதான் ஒண்ணும் ஆகலையே."

"உன் ரவுண்டு நேரம் செகண்டு சுத்தமா மனப்பாடம். நான் தினமும் எத்தனை மணிக்கு இந்த மலையை இறங்கறேன், சொல்லு பார்ப்போம்."

அவன் தட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஏழு... ஏழு மணி இருக்குமா?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவனை முட்டாள் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று; முட்டாளில்லை, அவளைப் பற்றிய அக்கறைதான் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் முன்னால் அழவா? சீ.

கூட வேலை செய்யும் கெர்லிண்டாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வர்ற வழியில என்னையும் ஏத்திக்கிறியா? நாளைக்கு மட்டுமில்ல, இனிமே தினமும்," என்றாள். பிறகு அவனுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "அஞ்சே கால், கெர்லிண்டா. காலையில அஞ்சே கால்."