பரோன் சிற்றம்பலத்தின் டை

1

இந்தக் கதை ஓர் அகராதியில் தொடங்கியது என்று எழுதினால் எனக்குக் கௌரவம். உண்மையில் தொடங்கியது ஒரு டையில். 1984, டோர்ட்மண்ட். அகதி விடுதியிலிருந்து பூங்காவில் இலை கூட்ட அனுப்பப்பட்ட சிற்றம்பலம், யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோரில் தலைமை இலிகிதராய் இருந்த பழக்கத்தில், டை கட்டிக்கொண்டு போனார். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றி, ஒரு பிரபுவுக்கு வணக்கம் சொல்வதுபோல், "குட்டன் மோர்கன், ஹெர் பரோன்" என்றார்.

சிற்றம்பலத்துக்கு அது பகிடியாகப் படவில்லை. வெள்ளைக்காரனுக்கு ஆளை மதிக்கத் தெரியும் என்றே பட்டது. மனைவி ஜெயமலருக்கு அன்றே எழுதினார்: 'இஞ்சை என்னை எல்லாரும் பரோன் எண்டுதான் கூப்பிடுகினம்.' இலை கூட்டும் தும்புத்தடியைப் பற்றி எழுத விமானக் கடித நீலத்தாளில் இடம் போதவில்லை.

2

[அடித்துவிட்ட தொடக்கம்: "பொன்னிற இலைகள் மெல்ல மெல்ல..." கூட்டுகிறவருக்கு அதில் பொன் தெரியாது.]

அடுத்த இலையுதிர்காலம், ஜெயமலர் விமானம் ஏறிவிட்டாள் என்று தகவல் வந்தது. பரோன் பெண்சாதி என்று ஊரெல்லாம் சொல்லி விடைபெற்றாளாம். சிற்றம்பலம் அன்றே, டோர்ட்மண்டில் பழைய பிரெஞ்சு படிக்கும் மதுரை மாணவன் சேதுராமனிடம் போய், அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்று கேட்டார்.

"பழைய பிரெஞ்சுல இருந்து ஜெர்மனுக்கு வந்த சொல், பிரபுன்னு அர்த்தம், சார். ஆனா அதுக்கும் முன்னாடி, ஒரிஜினலா, சும்மா 'ஆள்'தான். கூலிக்கு வர்ற ஆளையும் அப்படிச் சொல்லியிருக்காங்க."*

சிற்றம்பலத்தின் முகம் தெளிந்தது.

"அப்ப நான் பொய் எழுதேல்லை."

(* எந்தப் பிரபுவும் இந்த விளக்கத்தைத் தன் கேடயத்தில் பொறித்ததாகத் தெரியவில்லை.)

3

ஒரு முடிவு: அவர் சொல்லின் வேரை விளக்க, அவள் நெகிழ்ந்து... கிழித்துவிட்டேன். ஜெயமலர் அப்படிப்பட்ட ஆளில்லை.

இன்னொன்று: அவர் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறார். எத்தனை நாளைக்கு?

ஆகவே இது: வந்து மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஜெயமலர் பூங்காவுக்கு வந்தாள். பட்டுச்சேலை, மேலே யாரோ கொடுத்த குளிர்க்கோட்டு. மேற்பார்வையாளர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிற்றம்பலத்தின் கையில் தும்புத்தடி. சேதுராமன் சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவள் தும்புத்தடியைப் பார்த்தாள். இலைக்குவியலைப் பார்த்தாள். கிட்ட வந்தாள்.

"டை கோணிக் கிடக்கு" என்று நேராக்கிவிட்டாள்.

பின்னேரம் தமக்கைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'இஞ்சை இவரை எல்லாரும்' என்பதுவரை எழுதியிருக்கிறாள். சிற்றம்பலம் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். நீலத்தாளில் இடம் நிறைய இருக்கிறது. வாசகரே, இனிப் பேனாவை நீங்கள் பிடியுங்கள், என்னால் ஏலாது.