தேர்ந்தெடுக்கப்பட்ட வீடு

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் செல்வநாயகியின் கதவுக்கு நேர் எதிரே வள்ளியம்மாவின் கதவு. அரசாங்கத்தின் மின்பயன்பாட்டு ஆய்வுக்கென அந்தத் தளத்தில் ஒரே ஒரு வீடு தேர்ந்தெடுக்கப்பட்டது. அது வள்ளியம்மாவின் வீடு.

"கம்ப்யூட்டர் குலுக்கி எடுத்துச்சாம், அக்கா! கரண்டு அளக்கிற மெசின் மாட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரு மாசம் இருக்குமாம். கஷ்டப்பட்டவங்க எவ்வளவு கரண்டு புழங்குறாங்கன்னு பார்த்துத்தான் சலுகை வைக்கப் போறாங்களாம் லா!"

"நல்லது" என்றார் செல்வநாயகி. உள்ளே வந்து கதவைச் சற்று வேகமாகவே சாத்தினார்.

அவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். எந்த வினாவுக்கும் அளந்து விடை கூறத் தெரிந்தவர். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பெட்டி ஒட்டிய வள்ளியைப் போயா அரசாங்கம் கேட்பது? ஆய்வின் அடையாளமாக எதிர்க் கதவில் ஒட்டப்பட்டிருந்த நீல வில்லை, அவர் வெளியே செல்லும்போதெல்லாம் கண்ணை உறுத்தியது.

மறுநாள் அழுக்குத் துணி வாளியுடன் அக்கதவைத் தட்டினார்.

"என் வாஷிங் மெசின் மக்கர் பண்ணுது, வள்ளி."

அவருடைய இயந்திரத்துக்கு யாதொரு குறையும் இல்லை. எதிர்வீட்டு அளவு ஏறட்டும், வறியவள் என்று எவரும் நம்பாதபடி ஏறட்டும் என்பதே அவரது எண்ணம். துணிக்குப் பின் இஸ்திரி. இஸ்திரிக்குப் பின் வியர்வை.

"இந்த வெயில்ல ஏர்கோன் போடாம எப்படித்தான் இருக்கே?"

"மகன் மாட்டிக் குடுத்தது. நான் தொடுறதே இல்ல. உங்களுக்காகப் போடுறேன், அக்கா."

நாள்தோறும் சென்றார். வள்ளியம்மா அவருக்கெனவே தேங்காய்ப்பால் சொதி வைக்கப் பழகினாள். அது தாம் வைப்பதினும் சுவையாக இருந்தது கண்டு செல்வநாயகிக்கு மேலும் எரிந்தது.

மாத முடிவில், செல்வநாயகி அங்கிருந்தபோதே, ஆய்வாளர் காமினி வந்து கருவியைக் கழற்றினாள். அதிலிருந்த அளவைக் கண்டு புருவத்தை உயர்த்தினாள்.

"தனியாத்தானே இருக்கீங்க, ஆன்ட்டி? இவ்வளவு கரண்டா?"

செல்வநாயகியின் நெஞ்சு இனித்தது.

"தனியா எங்கம்மா? அக்காவும் நானும் ரெண்டு பேரு. துணி, சாப்பாடு, மத்தியானத் தூக்கம் எல்லாம் இங்கதான். ராத்திரி படுக்க மட்டும்தான் அந்த வீட்டுக்குப் போறாங்க லா."

"அப்படியா, ஆன்ட்டி?" என்று காமினி செல்வநாயகியின் பக்கம் திரும்பினாள்.

இல்லை என்று சொன்னால், நாள்தோறும் வந்த காரணத்தைக் கூறியாக வேண்டும்.

"ஆமாம்."

"அப்போ ரெண்டு பேருக்கு இது சரியாத்தான் இருக்கு." காமினி கையிலிருந்த திரையில் திருத்தினாள். "வீட்டுத் தலைவர் யாரு?"

"நான்தான்!" என்றாள் வள்ளியம்மா.

"இவங்க?"

"கோவிச்சுக்காதீங்க, அக்கா. என்னை அண்டி இருக்கிறவங்கன்னு போட்டுக்கம்மா."

செல்வநாயகியால் பொறுக்க இயலவில்லை. "நான் பென்ஷன் வாங்குறேன். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். அதையும் எழுதம்மா!"

"படிப்பு, வேலையெல்லாம் தலைவர்கிட்ட மட்டும்தான் கேக்கணும், ஆன்ட்டி" என்ற காமினி, வள்ளியம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வள்ளியம்மா முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆறாவது வரைக்கும் படிச்சிருக்கேன்மா. நல்லா எழுதிக்க."