இருபது என்றால் இருபத்தைந்து

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். ஒன்பது மணி வண்டியை எட்டு ஐம்பது என்று எழுதி ஒட்டுவார். ஓட்டுநர்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் சொன்னால்தான் நேரத்துக்கு வருவார்கள் என்பது அவருடைய மகா கண்டுபிடிப்பு. ஓட்டுநர்களோ இந்தச் சூட்சுமத்தை முதல் வாரமே பிடித்துவிட்டார்கள். எட்டு ஐம்பதைப் பார்த்துவிட்டு நிதானமாக டீ குடித்து ஒன்பதுக்கு வந்து ஏறினார்கள். வண்டி சரியாகக் கிளம்பியது. எல்லாம் தன் மூளை என்று இருபது வருஷமாக மனிதர் மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் அதே வித்தைதான். கூடத்துக் கடிகாரம் கால் மணி முன்னால் ஓடும். பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்றால் மூன்றரை என்பார். கேட்டால், இது நிஜ நேரம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார். அவளோ செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பல்லுக்கு அச்செடுக்கும் மெழுகில் மயிரிழை தப்பினாலும் பல் கட்டிக்கொண்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுநாளே வந்து நிற்பார். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒருவர் வாய்த்தார்.

மகள் பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்ததும் கல்லூரிப் பொறுப்பு முழுவதையும் இவர் தலையில் போட்டுக்கொண்டார். யாரும் போடச் சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் ஆளுயர அட்டை, நாலு கலர் பேனா, ஞாயிற்றுக்கிழமைதோறும் திட்டக் கூட்டம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்றே பேர், பேசுகிறவர் ஒரே ஆள். மகளுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று, கப்பல் வடிவமைக்கும் படிப்பு. அதைச் சொல்லித் தரும் கல்லூரியும் ஒன்றுதான், இடம் நாற்பது. மனுவோடு கையால் வரைந்த ஆறு படங்களையும் அனுப்ப வேண்டும். அவள் ஏழு வயதிலிருந்து பாத்ரூம் வாளியில் எதையாவது மிதக்கவிட்டுக்கொண்டிருந்தவள். ஆறு மாதமாகப் பென்சிலும் கையுமாக இருந்தாள்.

கல்லூரி அனுப்பிய அறிவிப்பை இவர் பணிமனை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மகள் பார்க்கக் கேட்டபோது, எல்லாம் அட்டையில் இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும் என்றார். அன்றுதான் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தடவையாவது உள்ள தேதியைப் போடுங்க. அவ என்ன உங்க டிரைவரா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மனிதர் சிவப்புப் பேனாவால் 'கடைசித் தேதி 20' என்று எழுதினார். "இது நிஜத் தேதி," என்றார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சமையலறைக்குள் வந்ததும் அவள், "உங்கப்பா இருபதுன்னா இருபத்தஞ்சு. அவசரப்படாம வரை," என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இருபதாம் தேதி மாலை ஐந்து படம் முடிந்திருந்தது. ஆறாவதில் கப்பலின் அடிவயிற்று வளைவு சரியாக வரவில்லை என்று மகள் அழித்து அழித்து வரைந்தாள். அவர் வந்து அனுப்பியாயிற்றா என்று கேட்டார். ஆச்சுப்பா என்றாள். அவரிடம் எல்லாரும் சொல்லும் பதில் அதுதான். ஓட்டுநர்கள்கூட வீட்டிலிருந்தபடியே வந்துட்டேன் சார் என்பார்கள்.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் ஆறாவது படம் முடிந்தது. வளைவு அத்தனை அழகாக வந்திருந்தது. மகள் முதல் தடவையாகக் கணினியில் மனுவைத் திறந்தாள். காலம் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. கல்லூரிக்கு ஃபோன் போட்டாள். எடுத்த அம்மாள், இருபதோடு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் முயற்சி செய்யலாம் என்று பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மாலையில் அவர் அறிவிப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். இருபது என்றுதான் அச்சடித்திருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்று அவள் ஆரம்பித்தாள்.

"சொன்னேனே. நீ கேட்டேன்னுதானே நிஜத்தை எழுதினேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. மகளின் ஒரு வருஷத்தைச் சமையலறையில் சிரித்துத் தொலைத்தவள் அவள்தான்.

மகள் அழுதாள். பிறகு அட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டாள். ஸ்டூலை இழுத்து ஏறிக் கடிகாரத்தைக் கால் மணி பின்னுக்குத் தள்ளிச் சரியான நேரத்துக்கு வைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அம்மா பழக்க தோஷத்தில் கடிகாரத்திலிருந்து கால் மணியைக் கழித்துக்கொண்டு, ஆற அமரத் தலை வாரி வேலைக்குக் கிளம்பினாள். நிறுத்தத்தில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. வேர்க்க விறுவிறுக்க வீடு திரும்பினாள். மகள் கல்லூரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷ அறிவிப்பைத் தன் பெயருக்கே அனுப்பும்படி கேட்டு.

கடிகாரத்தை மாற்றியதற்குத் திட்ட வந்தவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். தேதி தெரிந்ததும் தன்னிடம் மட்டுமாவது சொல்லும்படியும், தானே கூட இருந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

மகள் உறையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"தேதியை உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்றதா இல்லம்மா."