கணக்கு டீச்சரின் முடிவு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆறு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாடியில் மூன்று அறை, அறைக்கு இரண்டு கட்டில். அதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்ப்பதில்லை என்பதில் சிஸ்டர் பிடிவாதமாக இருந்தாள். கூட்டம் சேர்ந்தால் சத்தம்தான் சேரும், மனசு ஆறாது என்பாள். இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சிஸ்டர்தான். சமையலையும் படுக்கை விரிப்புகளையும் பார்த்துக்கொண்ட சொந்தத் தங்கை மட்டும் அக்கா என்று கூப்பிட்டாள். "நிஜமான சிஸ்டர் நான் ஒருத்தி இருக்கேன், அந்தப் பேரு எனக்குக் கிடைக்கல பாருங்க" என்று சொல்லி, வந்தவர்களின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவது தங்கையின் வழக்கம்.

வார்டில் இருந்தபோதே சிஸ்டரின் பேச்சுக்கு நல்ல பேர். ஊசி வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிற ஆள்கூட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் கையை நீட்டிவிடுவான். வேலையை விட்ட பிறகு வீட்டு மாடியில் இந்த முகாமைத் தொடங்கியது அந்தப் பேச்சை நம்பித்தான். மூச்சுப் பயிற்சியை ஒரு மாத வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். பேசாமல் நடப்பது, வெந்நீரில் கால் வைப்பது, வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்வது. மூன்று வருடமாக மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு இப்படிப் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது சிலர் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்து சாப்பாடே இறங்காது.

இந்தத் தடவை ஐந்து பேர் புதியவர்கள். கணக்கு டீச்சர் மட்டும் எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு முறை வந்தவர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அளந்து பேசுகிறவர். மகன் காரில் கொண்டுவந்து விட்டான். பையை மாடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தவன், சிஸ்டர் முன்னால் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றான்.

"போன தடவை இங்க வந்துட்டுப் போனதுல இருந்து அம்மா முகமே தெளிஞ்சுடுச்சு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"நான் என்னப்பா செஞ்சேன். எல்லாம் அவங்க மனசுதான்" என்றாள் சிஸ்டர். எல்லாரிடமும் சொல்கிற பதில் அது.

டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். சிஸ்டர் அதைக் கேட்டபோது, "இந்த வயசுல இளைச்சா நல்லதுதானே" என்று சிரித்துக்கொண்டே மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறிப் போனார். மூன்றாம் படியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கியதையும் சிஸ்டர் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அதற்குள் யாரோ குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டதால் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மதியம் மாடிக் கூடத்தில் ஆறு நாற்காலிகள் போட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டி வைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று தோளைப் பிடித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு கை நடுக்கம் நிற்காத பஸ் டிரைவர், தூக்கமில்லாத பாங்க் குமாஸ்தாப் பெண், அவர்களுக்கு அடுத்து டீச்சர்.

கையை வைத்ததுமே கவனித்தாள். டீச்சரின் இடது கை, வலது கையைப் போல ஒன்றரை மடங்கு பருத்திருந்தது. கடிகாரம் வலது மணிக்கட்டுக்கு மாறியிருந்தது. இடது ரவிக்கைக் கையின் தையலைப் பிரித்து, வேறு நிற நூலில் தளர்த்தித் தைத்திருந்தார்கள். பவுடர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை. வார்டின் கடைசிக் கட்டில்களில் இருபத்திரண்டு வருடம் முகர்ந்த வாடை அது. பவுடரை எவ்வளவு கொட்டினாலும் போகாது.

"டீச்சர், கொஞ்சம் என்கூட வாங்களேன்" என்றாள், மற்றவர்கள் கண் திறக்காதபடி மெதுவாக.

கீழே தங்கையின் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள்.  நல்ல மார்க் வாங்கிய பரீட்சைத் தாளைக் காட்டுகிற மாதிரி, டீச்சர் தானே ரவிக்கையை அவிழ்த்து நாலாக மடித்த துணியை எடுத்துக் காட்டினார். மார்பில் கட்டி உடைந்து உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகியிருந்தது.

"எப்ப இருந்து?" என்றாள் சிஸ்டர்.

"கட்டி போன வருஷமே இருந்தது. ஆபரேஷன் பண்ணணும், அப்புறம் மருந்து ஏத்தணும்னு டாக்டர் தேதிகூடக் கொடுத்துட்டார். அந்த வாரம்தான் இங்க வந்தேன். இங்க வந்துதானே முடிவெடுத்தேன். கிளம்புறப்ப அட்டையில எழுதிக் கொடுத்தேனே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. 'இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தில், இங்கே வந்துதான் முடிவெடுத்தேன். மனம் லேசாகிவிட்டது.' முத்து முத்தான கையெழுத்து. அந்த அட்டையை மாடி நடையில் பலகையில் குத்தி வைத்து, வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் அவள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற விஷயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். என்ன முடிவு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"வைத்தியம் வேணாம்னு நான் சொல்லவே இல்லையே, டீச்சர்."

"வேணாம்னு நீங்க சொல்லல. உடம்புக்கு எல்லாம் தெரியும், அது சொல்றதைக் கேளுங்கன்னு சொன்னீங்க. உள்ள அடைச்சு வெச்சதெல்லாம் ஒருநாள் வெளிய வந்துதான் ஆகும், அப்ப பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. போன மாசம் இது உடைஞ்சப்ப நான் கொஞ்சமும் பயப்படல, சிஸ்டர். எல்லாம் வெளிய வருதுன்னுதான் நினைச்சேன்."

சிஸ்டர் அந்த வார்த்தைகளைத் துக்கத்தைப் பற்றி, அழுகையைப் பற்றிச் சொன்னாள். மாதாமாதம் சொன்னாள். வாய்க்கு அவ்வளவு பழகியிருந்தது, எதிரில் இருப்பவர் எதை மனசில் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"வீட்டுல தெரியுமா?"

"சாதாரணக் கொழுப்புக் கட்டின்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை."

சிஸ்டர் கையைக் கழுவினாள். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னாள். "டீச்சர், இது தானா ஆறுற புண் இல்ல. பரவியிருக்கு. கை வீங்குறதே அதனாலதான். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் கூட வரேன்."

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தில் இருந்த தெளிவு எங்கே போனது என்று தெரியவில்லை. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போறேனே. இந்த ரெண்டு நாளுக்காகத்தான் எட்டு மாசமாக் காத்துட்டு இருந்தேன். ஒரு நாள்ல என்ன ஆகிடப் போகுது?"

ஒரு நாளில் எதுவும் ஆகப்போவதில்லை என்பது நர்ஸுக்குத் தெரியும். ஆக வேண்டியதெல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது. சரி என்று தலையாட்டினாள். புண்ணைச் சுத்தம் செய்து புதுத் துணி வைத்துக் கட்டிவிட்டாள். கட்டும்போது வலித்திருக்க வேண்டும். டீச்சர் முனகவில்லை, சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறையில் விஷயத்தைக் கேட்டதும் தங்கை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலையே. அவங்களா ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா நீ என்ன பண்ணுவ?"

"நர்ஸ் சொன்னா நம்புவாங்க. அதுக்குத்தானே முகாம் நோட்டீஸ்ல என் பேருக்கு முன்னாடி நர்ஸ்னு போட்டிருக்கேன்" என்றாள் சிஸ்டர். தங்கை கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி வட்டம். ஒவ்வொருவராகப் பேசினார்கள். டீச்சர் தன் முறை வந்தபோது, "பயத்தை விடுறது எப்படின்னு எனக்கு இந்த வீட்டுலதான் தெரிஞ்சது. அதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பழைய நம்பிக்கையில் சொன்னாரா, சிஸ்டரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாரா, தெரியவில்லை.

பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "டீச்சர் சொல்றதைக் கேட்டா எனக்கும் தைரியம் வருது. இந்த நடுக்கத்துக்கு ரெண்டு வருஷமா மாத்திரை முழுங்குறேன். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"போடாதீங்க" என்றாள் சிஸ்டர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "டாக்டரைக் கேக்காம ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீங்க. என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் வைத்தியத்தை நிறுத்திட்டாங்க. இப்ப அவங்க பிழைக்கிறதே கஷ்டம். நான் பேசினது தப்பு. எனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்." அதற்கு மேல் முடியவில்லை. இத்தனை வருடத்தில் அந்த வட்டத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

யாராவது கோபப்படுவார்கள், எழுந்து போவார்கள் என்று நினைத்தாள். பாங்க் குமாஸ்தா வந்து அவள் தோளில் கை வைத்தாள். "அழுங்க சிஸ்டர். அடைச்சு வெக்காதீங்க. வெளிய வரட்டும்" என்றாள், நேற்று கற்றுக்கொண்ட அதே நிதானத்தோடு. "உங்களை நீங்களே மன்னிச்சுடணும்" என்றார் டிரைவர், கண் கலங்கி. சிஸ்டர் தன் கையால் எழுதி எல்லாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்த தாளில் இருந்த வரி அது. ஒருவர் மெல்லக் கை தட்ட மற்றவர்களும் தட்டினார்கள். யார் அந்த நோயாளி என்று ஒருவரும் கேட்கவில்லை. இதையும் ஒரு பயிற்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். சிஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்டக் கைதட்டல் கூடியது. டீச்சர் எழுந்து வந்து, வீங்கிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மகன் வந்தான். "நானே வீட்டுல போய்ச் சொல்லிக்கிறேன்" என்று டீச்சர் கெஞ்சினார். சிஸ்டர் கேட்கவில்லை. கார் பக்கத்தில் நின்றபடியே முழுவதையும் சொன்னாள், தான் பேசிய பேச்சையும் சேர்த்து. அவன் அம்மாவை ஒரு தடவை பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"நீங்க நர்ஸ்தானே?" என்றான்.

"ஆமா."

"போன தடவையே உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல. நான் கேக்கல."

அவன் பையை வாங்கிப் பின் சீட்டில் வைத்தான். அம்மாவை உட்கார வைத்து, பெல்ட் புண்ணில் படாதபடி தன் கைக்குட்டையை மடித்து இடையில் கொடுத்து மாட்டிவிட்டான். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள்.

ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. சிஸ்டர் இரண்டு தடவை பார்வையாளர் நேரத்தில் போனாள். இரண்டு தடவையும் டீச்சரின் மருமகள் அறை வாசலிலேயே, "தூங்குறாங்க" என்றாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இருமல் சத்தமும் கேட்டது. சிஸ்டர் வற்புறுத்தவில்லை.

பத்து வாரத்தில் டீச்சர் போய்விட்டார். முகாமுக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பஸ் டிரைவர் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. டிரைவர் மாத்திரையை நிறுத்தவில்லை என்பது ஒன்றுதான் மிச்சம். செய்திக்குக் கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. அதற்கும் கீழே ஒருவர், அடுத்த முகாம் எப்போது, தன் அக்காவையும் கூட்டிவர வேண்டும் என்று கேட்டிருந்தார். இனி முகாம் கிடையாது என்று பதில் எழுதிவிட்டு, சிஸ்டர் டீச்சர் வீட்டுக்குத் துக்கம் கேட்கக் கிளம்பினாள்.

வெளியே போ என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகன் நாற்காலி எடுத்துப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தானும் எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா கடைசி வரைக்கும் உங்களை ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. வலி தாங்க முடியாதப்பகூட நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சு விட்டுட்டு இருந்தாங்க. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியல."

"என்னைத் திட்டிடுப்பா" என்றாள் சிஸ்டர்.

"திட்டி என்ன ஆகப்போகுது." அவன் கையைப் பிசைந்துகொண்டான். "கொழுப்புக் கட்டின்னு சொன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். ரிப்போர்ட் எங்கேம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஒரே வீட்டுல இருந்தேன். நான் கேட்டிருக்கணும்தானே?"

இப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் எத்தனையோ வாசகம் இருந்தது. உன்மேல் தப்பில்லை என்பது அதில் முதலாவது. அவன் அதற்காகத்தான் காத்திருந்தான் என்பதும் தெரிந்தது. ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையா என்று தெரியாததை இனி யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கேட்டிருக்கணும். நானும் கேட்டிருக்கணும்" என்றாள்.

அவன் முகம் ஒரு கணம் கோணி, பிறகு அப்படியே இறுகிவிட்டது. டீச்சரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. சிஸ்டர் எழுந்து தன் நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்வருகிறேன் என்றாள். அவன் சரி என்றான்.