திரை கழற்றிய கேரவன்

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்த்துக்கொள்வதில்லை. வாங்குகிறார்கள், நிறுத்துகிறார்கள், போய்விடுகிறார்கள். கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் நோரீன் வாடகைக்கு விடும் காலி மனையைப் போய்ப் பாருங்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற கேரவன்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு, வரிசையாக நிற்கின்றன. மேலே நிழலுக்கு ஒரு தகரம்கூடக் கிடையாது. மே மாதம் குளிர் தொடங்கியதும் வடக்கே, சூடான பக்கம் இழுத்துப்போய் ஊர் சுற்றுகிறார்கள். பூமியின் இந்தத் தென்பாதியில் டிசம்பர்தான் கோடை; அது வந்ததும் இங்கே கொண்டுவந்து தள்ளுகிறார்கள். டிசம்பர் வெயில் உள்ளே எதையெல்லாம் தின்கிறது என்று ஒருவனும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

என் கேரவனுக்கு அடுத்தது லெஸ் ஹாக்கிங்குடையது. அவன் எனக்கு யோசனை சொன்னான்.

"ஜன்னல்ல வெயில் மறைக்கற வெள்ளிச் சுருள் இருக்குல்ல, அதை அடி வரைக்கும் இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போ கிளெம். பொட்டு வெயில் உள்ள வராது."

"அப்ப உன் ஜன்னல் ஏன் சிலந்தி வலை மாதிரி வெடிச்சுக் கிடக்கு?"

"அது செஞ்சவன் பண்ண கோளாறுப்பா."

செய்தவன்மேல் கோளாறு இல்லை. அந்த ஜன்னல் கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக். சுருளை இறுக்கி மூடினால் சூடு அதற்கும் ஜன்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக்கை வேகவைக்கிறது. அதனால் கையகலம் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டால் அந்தக் கையகலத்தில் வெயில் நுழைகிறது. மூடினால் ஜன்னல் போகும், திறந்தால் துணி போகும். இதற்கு சுலபமான வழி இருக்கிறது என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை.

எனக்குத் துணிதான் கவலை. என் மனைவி டெல்மா எல்லா ஜன்னலுக்கும் திரை தைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் நீலக்குருவிகள், நூலால் போட்டவை. எல்லோரும் பூவேலையை உள்பக்கம் பார்க்கத் தொங்கவிடுவார்கள். டெல்மா வெளிப்பக்கம் பார்க்கத் தொங்கவிட்டாள். சாயங்காலம் முகாமில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு பியரைத் திறக்கிற நேரத்தில், போகிற வருகிற பெண்கள் நின்று "யாரு தைச்சது?" என்று கேட்பார்கள். அவளுக்கு இருக்கும் சிநேகிதிகளில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்.

போன கோடையில் மேற்குப் பக்கத்துக் குருவிகள் இரண்டு சாம்பலாக வெளுத்துவிட்டன. புதிதாகத் தைக்க வழியில்லை. டெல்மாவின் விரல்கள் வீங்கி மடங்கிப்போய், ஊசியைப் பிடிக்க முடிவதில்லை. இடுப்பு எலும்பையும் மாற்றிவிட்டார்கள். போன குளிர்காலம் நாங்கள் எங்கேயும் போகவில்லை.

எனவே ஒரு நாள் காலை, வெயில் ஏறுவதற்குள் தனியாகப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேசுவாள், பேசினால் மதியம் ஆகிவிடும். திரைகளையெல்லாம் கழற்றித் தலையணை உறையில் மடித்து வைத்தேன். மெத்தைகளை நடுவில் நிறுத்திப் பழைய கம்பளியால் போர்த்தினேன். குளிர்ப்பெட்டிக் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு கட்டையைச் செருகினேன். சுருள்களைக் கையகலம் விட்டு இறக்கினேன். திரைகளை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனேன். செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் கேரவனை விற்கிறவன் பலகை எழுதி மாட்டமாட்டான். அது கேவலம். வீட்டுக்காரி தன் திரைகளைக் கழற்றிக்கொண்டு போவாள், அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெயிலை நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஊர் ஞாபகம் வரவில்லை.

அந்த வாரமே டெல்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"கிளெம், கேரவன விக்கிறியா?"

"எவன் சொன்னான்?"

"மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. ஒருத்தி எனக்கு ஆறுதல் வேற சொல்றா. 'வயசானா என்னம்மா பண்றது, நாங்களும் போன வருஷம்தான் வித்தோம்'ங்கறா. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வெயிலுக்காகக் கழட்டினேன்டி. துணி வீணாப்போகுதுன்னு."

"என்கிட்டச் சொல்லாமலா?"

"சொன்னா விடுவியா?"

"மாட்டேன். அதான் நீ சொல்லல. இனிமே நான் எங்கயும் போகமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. துணிய மட்டும் காப்பாத்திக்கலாம்னு பாத்திருக்க."

அப்படி நினைக்கவில்லை என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

"காரை எடு," என்றாள்.

மனைக்குப் போனபோது லெஸ் அங்கே இருந்தான். பக்கத்தில் யாரோ ஒரு ஆள் எங்கள் ஜன்னலில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படுக்கை பெருசா இருக்கும்போலயே," என்றான் அந்த ஆள்.

"உனக்குப் போதாது, அவ்வளவு பெரிய மூக்கு," என்றாள் டெல்மா. "எடுய்யா அதை. ஜன்னல் அழுக்காகுது."

"விக்கலையா?" என்று லெஸ் என்னைப் பார்த்தான்.

"ஆளக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி கேக்கத் தெரியாதா உனக்கு?" என்றேன்.

"திரை இல்லையேப்பா! திரை இல்லன்னா எவனும் அப்படித்தான் நினைப்பான்."

"விக்கல," என்றாள் டெல்மா. "மே மாசம் கிளம்புறோம்."

என்னைக் கேட்டுச் சொன்னதல்ல. மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. லெஸ் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தான்.

டெல்மா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவுக் கம்பியைப் பிடித்து ஏறினாள். முதல் படியில் ஒரு முறை நின்றாள். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். உள்ளே காற்று அடுப்புபோல இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த திரைகளைப் பிரித்து, வெளுத்த குருவிகள் இரண்டையும் மடியில் போட்டு வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அவளிடம் பேச்சு வாங்கியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"திருப்பி மாட்டு," என்றாள்.

"எப்படி?"

"குருவி உள்ள பாக்கற மாதிரி. ஜன்னல் பக்கம், கட்டிலுக்கடியில கெடக்கற பழைய வெள்ளை விரிப்புல ஒவ்வொண்ணாத் தொங்கவிடு. வெயில் அதைத் தின்னுட்டுப் போகட்டும். வெளியிலேர்ந்து பாக்கறவனுக்கும் துணி இருக்குன்னு தெரியும்."

"உன் குருவி யாருக்கும் தெரியாதே."

"யாரு வரப்போறாங்க இங்க? கெடங்கு எலியா?" என்றாள். "கெளம்பறப்ப நான் வெளிய திருப்பிக்கறேன்."

அந்த விரல்களை வைத்துக்கொண்டு கொக்கியை எப்படி மாட்டுவாள் என்று நான் கேட்கவில்லை. மாட்டினேன். ஒவ்வொரு ஜன்னலாக, முதலில் விரிப்பு, பிறகு திரை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குருவிகளெல்லாம் கட்டிலையும் அவளையும் பார்த்தபடி தொங்கின. அவள் ஒவ்வொன்றையும் நீவிவிட்டாள்.

அவளை இறக்கிக் காரில் உட்காரவைத்துவிட்டு, கதவைப் பூட்டத் திரும்பி வந்தேன். மேற்கு ஜன்னலில் திறந்துவிட்ட கையகலத்தில், விரிப்பின்மேல் வெயில் அதற்குள் விழுந்திருந்தது. பழைய மெல்லிய துணி. அதன் வழியாக நீலம் மங்கலாகத் தெரிந்தது. எனக்கு நீலம் தெரிகிறது என்றால் வெயிலும் உள்ளே போகிறது என்றுதான் அர்த்தம். கையை வைத்துப் பார்த்தேன், ஜன்னல் சுட்டது.

இன்னொரு விரிப்புக் கொண்டு வரலாம். கொண்டுவந்தாலும் இது ஜனவரியைத் தாங்காது. அவள் இடுப்பு மே மாதத்தைத் தாங்குமா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டையும் அவள் நம்புகிறாள். நான் நம்பவில்லை. பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் காரை நோக்கி நடந்தேன்.