கல்பனாவின் குதிகாலில் முளைத்த புல்

குவைத்திலிருந்து திரும்பி வந்த கல்பனாவின் இடது குதிகாலில், திருத்தணியில் கோடைமழை பெய்த மறுநாள், புல் முளைத்தது. கட்டைவிரல் உயரம், வெளிறிய பச்சை, நுனியில் எள்ளைவிடச் சின்ன விதைகள். குவைத்தில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவள் அவள். குளிர்காலம் முழுக்க அவர்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். இவளும் வெறுங்காலோடு மணலில் நடப்பாள். பித்தவெடிப்புக்குள் புகுந்த விதை அவளோடு விமானம் ஏறிவிட்டது. அம்மா மணியம்மை கல்லில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். விடிந்தபோது இன்னும் அடர்த்தியாக வந்திருந்தது. "வலிக்குதாடி?" என்று கேட்டாள். "இல்லம்மா, கூசுது" என்றாள் கல்பனா. வீட்டில் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதைவிடப் பெரிய கவலை அவர்களுக்கு இருந்தது.

நந்தியாற்றங்கரையில் அப்பா துளசிங்கத்துக்கு இருந்த நிலம் ஆடியில் ஒரு செங்கல் சூளைக்காரருக்குக் கைமாறுவதாக இருந்தது. ஆற்று மணலை லாரிகள் வழித்துக்கொண்டு போனபின் கிணறு வற்றியது. கல்பனா அனுப்பிய சம்பளத்தில் போட்ட போர்வெல்லும் வெறும் காற்றைத்தான் கக்கியது. அவள் கரையில் நின்று பார்த்தாள். ஆறு முழுக்கக் களிமண் பள்ளம். இந்த நிலத்துக்காகத்தான் அத்தனை வருடம் மணலுக்கு நடுவே கிடந்தாள். இங்கே மணல் இல்லாமல் நிலம் போகப்போகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதே வேகத்தில் இறங்கி அக்கரைக்கு நடந்தாள். திரும்பிப் பார்த்தால், இடது காலடி விழுந்த இடமெல்லாம் புல் நின்றது. ஒவ்வொரு தூரிலும் ஒரு பிடி மணல் சேர்ந்திருந்தது.

"நைனா, கையெழுத்து போட்றாத. ஐப்பசி மழை வரைக்கும் பொறு" என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"சூளைக்காரருக்கு இன்னா சொல்றது?"

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லு."

ஐப்பசி வரை துளசிங்கத்துக்குக் காய்ச்சல். கல்பனா தினமும் ஆற்றில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். ஊர் சிரித்தது. புல் பெருகப் பெருக, போன மணல் திரும்பத் தொடங்கியது. ஆர்.கே.பேட்டையில் கட்டி முடியாத ஒரு வீட்டின் முன்னால் குவித்திருந்த மணல், எறும்பு போல வரிசை பிடித்துச் சாலையோரமாக வந்தது. பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பூச்சு உதிர்ந்து கிளம்பியது. டவுன் பஸ் நின்று அதற்கு வழிவிட்டது. ஊர் சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

செய்தி கேட்டு லாரிக்காரர்கள் மண் வாரும் இயந்திரத்தோடு வந்தார்கள். ஓட்டியவன் உள்ளூர்ப் பையன் விஜயன். வாரிய மணல் லாரியைத் தொடுமுன்பே வாளியின் விளிம்பைத் தாண்டிக் கீழே குதித்தது. மத்தியானம் வரை முயன்றுவிட்டு அவன் இறங்கி வந்தான்.

"அக்கா, வரமாட்டேங்குதுக்கா."

"வராதுப்பா. வேர் புடிச்சிகினு கீது."

"ஆங்" என்று தலையாட்டி, இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஆறு கரை தொட்டு ஓடியது. ஓடிய தண்ணீரைப் புதுமணல் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது. கிணறு மேல்படி வரை ஏற, துளசிங்கம் குனிந்து கையாலேயே மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்தினார். பக்கத்துக் கழனிகளிலிருந்தும் பதிலுக்குக் கத்தினார்கள். சூளைக்காரர் வந்தபோது துளசிங்கம் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். "நெலம் விக்கிறதா இல்லீங்க. குடிச்சிப் பாருங்க, நம்ம கெணத்துத் தண்ணி." அவர் இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

புல் பங்குனியில் காய்ந்து உதிர்கிறது. மழை விழுந்ததும் முளைக்கிறது. ஊரில் கட்டட வேலை வைத்திருப்பவர்கள் இப்போது கரையில் வந்து நின்று, என்ன வேலை, எவ்வளவு வேண்டும் என்று ஆற்றைப் பார்த்துச் சொல்கிறார்கள். மாட்டுக்கொட்டகை, கக்கூஸ் மாதிரிச் சின்ன வேலை என்றால் மணல் தானே வண்டியில் ஏறிக்கொள்கிறது. மாடிவீடு என்றால் அசைவதில்லை. அவர்கள் கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் வாங்கிக்கொள்கிறார்கள்.